‘இயந்திரக் கோளாறு’ என்பதோடு செய்தியை முடித்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுக்கடலில் இயந்திரக் கோளாறு, படகு தத்தளிப்பு, மீனவர்கள் மீட்பு என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. எந்த ஊர்ப் படகு, எத்தனை பேர் இருந்தார்கள், யார் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள் என்பதையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்கள். என்ன கோளாறு என்பது மட்டும் வருவதே இல்லை. அது தெரிந்தால்தானே அடுத்த படகுக்காரன் சுதாரிப்பான்? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் உவரி. வாலிபத்தில் தூத்துக்குடித் தோணிகளில் டிரைவராக ஓடினேன். தூத்துக்குடியும் 1986 வரை நம்ம நெல்லை ஜில்லாதான். கொழும்பு, மாலே, கொல்லம் என்று பாயிலும் இன்ஜினிலும் மாறி மாறிப் போன காலம். இப்போது கரையில் இருந்துகொண்டு, கூட்டப்பனையிலிருந்து கூட்டப்புளி வரை வள்ளங்களுக்கு இன்ஜின் வேலையும் ஒயரிங் வேலையும் பார்க்கிறேன். என் அனுபவத்தில் கண்டது இது: ‘இன்ஜின் எடுக்கவில்லை’ என்று வருகிறவர்களில் பாதிக்கு மேல் இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது. பேட்டரியும் பல நேரம் நல்ல பேட்டரியாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடுகிற நாலு முழக் கம்பியிலும், அதன் நுனியில் இருக்கும் நட்டுகளிலும்தான் வினை.

போன கச்சான் (மேல்காற்று) சமயத்தில் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வந்தார். ஃபைபர் வள்ளம், உள்ளே பொருத்திய டீசல் இன்ஜின், செல்ஃப் ஸ்டார்ட். அப்பா காலத்துப் பழக்கத்தை விடாமல் பாய்மரமும் பாயும் கூடவே வைத்திருக்கிறவர். அன்று விடியற்காலை வலையை எடுத்துவிட்டு சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாயைக் கட்டி, மத்தியானத்துக்கு மேல் கரை பிடித்திருக்கிறார். “மாமா, பேட்டரி செத்துட்டு. புதுசு வாங்கணும், கூட வாங்க” என்றார். அதற்கு முந்தின வருஷமும் இதே சத்தத்துக்கு ஒரு கடையில் புது பேட்டரி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் ஓடியது, மறுபடியும் டிக்.

கடைக்குப் போகுமுன் வள்ளத்தைப் பார்ப்போம் என்று வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். சும்மா இருக்கையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. நிறைந்த பேட்டரிக்கு உரிய அளவு அது. அவரைச் சாவி போடச் சொல்லிவிட்டு, மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியின் ஈயக் குமிழ்களிலேயே அழுத்திப் பிடித்தேன். டிக் சத்தம் வந்தபோதும் 12.1க்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம் மீட்டர் முனைகளை செல்ஃப் மோட்டாருக்கு மாற்றினேன். ஒன்று மோட்டாரின் பெரிய போல்ட்டில், மற்றது மோட்டாரின் உடம்பில். மறுபடி சாவி. 8 வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டது. பேட்டரியில் கிளம்பிய நாலு வோல்ட் மோட்டாருக்கு வந்து சேரவில்லை. மணிமுத்தாறில் திறந்த தண்ணீர் திசையன்விளைக் கடைமடைக் குளத்துக்கு வந்து சேராத கதைதான்.

எங்கே போயிற்று என்று தேடுவதும் எளிது. ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வைத்துச் சாவி போட்டால், நல்ல கம்பியாக இருந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இங்கே மூன்றுக்கு மேல் காட்டியது. இந்த இரண்டையும் இணைக்கும் எர்த் கம்பியைக் கழற்றிப் பார்த்தால் வெளியே கறுப்பு ரப்பர் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. நுனியில் போல்ட்டில் மாட்டுவதற்காக அடித்திருந்த உலோக வளையத்தை (லக்) வெட்டி, உறையைக் கத்தியால் சீவினோம். உள்ளே செம்பு இழை செம்பு நிறமாக இல்லை. நுனிப்பக்கம் பச்சை, இன்னும் உள்ளே போகப் போக ஒரே கறுப்பு. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. லக் அடித்த இடத்தில் விட்ட சின்ன இடைவெளியில் உப்புத் தண்ணீர் புகுந்து, இழைகளுக்கு நடுவே ஏறி ஏறி உள்ளேயே தின்றுவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த அளவு டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அந்த ஓட்டத்துக்கு, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். சின்ன பல்புக்கு இந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை, அதனால்தான் வள்ளத்தில் லைட் பளிச்சென்று எரியும், ஜிபிஎஸ் வேலை செய்யும், இன்ஜின் மட்டும் சுற்றாது. லைட் எரிகிறதே, கம்பி சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதுக் கம்பி போட்டோம். வெள்ளீயம் பூசிய செம்பு இழைக் கம்பி, தடிமனானது, லக்கை அழுத்தி அடித்து, அதன் மேல் பசையுள்ள சுருங்கு டியூப்பைச் சூடு காட்டி இறுக்கினோம். புது பேட்டரியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது அந்தச் செலவு. பழைய பேட்டரிதான் இன்றைக்கும் அந்த வள்ளத்தில் இருக்கிறது.

பேட்டரியே கெட்டுப்போவது இல்லையா என்றால், உண்டு. அதையும் மீட்டரே சொல்லும். சாவி போடும்போது பேட்டரிக் குமிழிலேயே 9.6க்குக் கீழே சரிந்தால், ஒன்று சார்ஜ் இல்லை, இல்லையென்றால் பேட்டரி முடிந்தது. சார்ஜ் போட்டு ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. நன்றாகச் சார்ஜ் ஏற்றியும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8க்கும் 14.4க்கும் நடுவே காட்டினால், இன்ஜினோடு சுற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. 12.5லேயே நின்றால் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் அருகே கறுப்புத் தூள் படிந்திருந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம். 15க்கு மேல் ஏறினால் சார்ஜை அளவோடு நிறுத்தும் ரெகுலேட்டர் போயிற்று, தண்ணீரைக் கொதிக்கவைத்தே பேட்டரியைக் கொன்றுவிடும்.

பாய் கட்டி ஓடுகிற படகுக்கு எதற்குப் பேட்டரி என்று சிலர் கேட்பார்கள். பாய் கட்டுகிற படகுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். துறையை விட்டு வெளியே வர கால் மணி நேரம் இன்ஜின் ஓடும். காற்று கிடைத்ததும் நிறுத்திவிடுவோம். அப்புறம் ராத்திரி முழுக்க மரத்து உச்சி விளக்கு, ஜிபிஎஸ், விஎச்எஃப் ரேடியோ எல்லாம் பேட்டரியில்தான். பழைய மாதிரி 25 வாட் பல்பு ஒன்று மணிக்கு 2 ஆம்பியர் குடிக்கும், பத்து மணி நேரத்தில் 20 போய்விடும். 100 ஆம்பியர் பேட்டரி என்றாலும் அதில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இறக்கினால் ஆயுசு குறையும். காலையில் கால் மணி நேரம் இன்ஜினை ஓட்டினால் இதெல்லாம் திரும்ப நிறையுமா? ஈய பேட்டரி எண்பது சதவீதம் வரை வேகமாக வாங்கும், மிச்ச இருபதுக்கு மணிக்கணக்கில் நேரம் கேட்கும். நிறையாமலே கிடந்தால் தகடுகளில் வெள்ளையாக சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது.

தோணியில் இதற்கு ஒரு சட்டமே உண்டு. இன்ஜின் பேட்டரி இன்ஜினுக்கு மட்டும். அதிலிருந்து கம்பி இழுத்து ரேடியோவில் பாட்டு கேட்டால் தோணித் தலைவரான தண்டலிடம் ஏச்சு விழும். விளக்குக்கும் மற்றதற்கும் வேறு பேட்டரி. இன்றைக்கு நம் வள்ளங்களில் ஒரே பேட்டரியில் எல்லாவற்றையும் மாட்டிவிடுகிறார்கள். செல்போன் சார்ஜர்கூட அதில்தான். இரண்டு பேட்டரி வைத்து, நடுவே மாற்று சுவிட்ச் போடுவதற்கு ஆகும் செலவு ஒரு தடவை டீசல் அடித்துப் போய் வெறுங்கையோடு திரும்புவதைவிடப் பெரிதில்லை. விளக்கை எல்இடி ஆக்கினால் குடிப்பது பத்தில் ஒரு பங்காகும். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு சின்ன சோலார் தகடு போதும், கரையில் கிடக்கும் நாளிலும் பேட்டரியை நிறைத்தே வைத்திருக்கும். மாற்று சுவிட்ச் வைத்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது அதை ஆஃப் பக்கம் திருப்பினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியே எரிந்துபோகலாம்.

தண்ணீர் ஊற்றுவதிலும் தவறான பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அளவு குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான் விட வேண்டும். ‘பவர் கூடும்’ என்று ஆசிட் விடுகிறார்கள். கூடாது, தகடுதான் அரித்துப்போகும். ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. நம் கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, அதைச் சொல்லவே வேண்டாம். குமிழில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்பச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் நுரைத்துப் போய்விடும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், ஒரு சொட்டு செல்லுக்குள் இறங்கக் கூடாது. காயவைத்து, கிளாம்பை இறுக்கி, கடைசியில் வாசலின் தடவுங்கள்.

மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. அது டீசல் சமாச்சாரம். புகைபோக்கியைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. ஸ்டாப் லீவர் இழுத்தபடியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்படி இருந்து இழுத்துவரப்பட்ட வள்ளத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, ஃபில்டரின் தலையில் இருக்கும் காற்று ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்து, குமிழியில்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், மோட்டார் சூடாகிவிடும், ஒரு நிமிஷமாவது ஆறவிடுங்கள்.

கடல் தண்ணீரை இழுத்துக் குளிர்ந்து, புகையோடு சேர்த்தே வெளியே தள்ளுகிற இன்ஜின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இன்ஜின் பிடிக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றினால் பம்ப் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும், வெளியே தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிறைந்து தண்ணீர் பின்னாலேயே சிலிண்டருக்குள் ஏறிவிடும். அப்புறம் பேட்டரிக் கோளாறு நிஜமாகவே இன்ஜின் கோளாறாகிவிடும். அதனால் நாலைந்து தடவைக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தால் தண்ணீர் வால்வை அடைத்துக்கொள்ளுங்கள். பிடித்த உடனே திறந்துவிடுங்கள், மறந்தால் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் போய்விடும்.

செல்ஃப் இல்லாவிட்டால் கதி இல்லை என்று நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு கிளம்பிய வாந்தே குளோப் என்ற உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியில் மிஷேல் தெஷுவாயோ என்ற பிரான்ஸ்காரர் தனி ஆளாக ஓடினார். நடுவழியில் செல்ஃப் மோட்டார் போய்விட்டது. இன்ஜின் ஓடாவிட்டால் பேட்டரிக்கு சார்ஜ் இல்லை, பேட்டரி இல்லாவிட்டால் தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி இல்லை. அவர் இன்ஜின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, கப்பிகள் வழியாக மேலே கொண்டுபோய், பெரிய பாயின் அடிக்கட்டையில் கட்டினார். காற்று அந்தப் பாயை வீசித் தள்ளிய வேகத்தில் கயிறு இழுபட்டு இன்ஜின் ஓடியது. 2001இல் அந்தப் போட்டியில் ஜெயித்தவரும் அவர்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் ஹேண்டில் போட்டும், கயிறு சுற்றி இழுத்தும் ஓட்டிய இன்ஜின்கள் எத்தனையோ. இப்போது வருகிற சின்ன டீசல்கள் பலவற்றில் இன்னும் கையால் சுற்ற எளிதாக சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷன் லீவரும் ஹேண்டில் மாட்டும் இடமும் இருக்கின்றன. ஹேண்டிலைத்தான் ‘எதற்கு இது’ என்று வீட்டுப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதை வள்ளத்திலேயே வைத்திருங்கள். பாயும் மரமும் கூடத்தான். அந்தத் தம்பியை அன்று கரை சேர்த்தது பாய்தானே.

பக்கத்து வள்ளத்துப் பேட்டரியிலிருந்து கம்பி கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் முதலில். கடைசிக் கம்பியைச் செத்த பேட்டரியின் நெகட்டிவில் வைக்காமல், தள்ளி இன்ஜின் பிளாக்கில் வையுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும், மூடிய பெட்டிக்குள் அது சேர்ந்திருக்கும்போது ஒரு பொறி போதும். பேட்டரி ஆசிட்டில் கடல் தண்ணீர் கலந்தால் குளோரின் வரும், அது நுரையீரலைப் பதம்பார்க்கும். ஆகவே பேட்டரிப் பெட்டி உயரத்தில், காற்றோட்டமாக, அலையில் புரளாதபடி வார் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். என்ன செய்தும் எடுக்கவில்லை, பாயும் இல்லை என்றால், ரேடியோவில் 16ஆவது சேனல், செல்போன் சிக்னல் இருக்கும் தூரமானால் கடலோரக் காவல்படையின் 1554. பேட்டரியில் மிச்சம் இருக்கும்போதே கூப்பிட வேண்டும். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்து அதை வற்றவைத்துவிட்டு ரேடியோவைத் தொட்டால் அது பேசாது.

இனி நான் கேட்பது மூன்றே காரியம்.

உங்கள் நிருபர்கள் இனிமேல் இழுத்துவரப்பட்ட படகைப் பற்றி எழுதும்போது, கரையேறிய பிறகு என்ன பழுது கண்டார்கள் என்று மறுநாள் ஒரு போன் போட்டுக் கேட்டு ஒரு வரி சேர்க்கட்டும். ‘எர்த் கம்பி அரித்திருந்தது’, ‘டீசலில் தண்ணீர்’ என்று ஒரு வரி. இடிந்தகரையில் படிக்கிறவர் தன் கம்பியைப் போய்ப் பார்ப்பார்.

மீன்வளத் துறையும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் நடத்துகிற பயிற்சிகளில் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில நூறு ரூபாய் மீட்டர் அது. மேலே சொன்ன அளவுகளை எடுக்கப் பள்ளிக்கூடப் பையனாலும் முடியும். திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரிக்கல் படிக்கிற பிள்ளைகளை வருஷத்தில் ஒரு நாள் எங்கள் கடற்கரைக்கு அனுப்பினால், அவர்களுக்கும் உப்புக் காற்றில் கம்பி என்ன பாடுபடும் என்று தெரியும், எங்களுக்கும் வள்ளங்களைச் சோதித்தது போலாகும். சாப்பாடு எங்கள் பொறுப்பு.

பேட்டரிக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழையதைப் போட்டுப் புதியதைக் கேட்டு வருகிறவருக்கு, பழைய பேட்டரிக்குப் பளு கொடுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டு விற்றுக்கொடுங்கள். நல்ல பேட்டரி என்றால் ‘கம்பியைப் போய்ப் பார்’ என்று சொல்லியனுப்புங்கள். கடனை வாங்கி வருகிறவர்கள் அவர்கள்.

ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்க முடியுமானால், மீட்டர் முனையை எங்கெங்கே வைக்க வேண்டும், எவ்வளவு காட்ட வேண்டும் என்று படம் போட்டே அனுப்புகிறேன். வெட்டி வள்ளத்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் அளவில் அச்சிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பழைய தோணி டிரைவர்,
உவரி, திருநெல்வேலி மாவட்டம்.